‘கஸ்டமர் எண்ட் இஷ்யூ’ என்று மூடிய டிக்கெட்: நாக் அறைப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

இணையச் சேவை நிறுவனங்களின் நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் நாக் (NOC) அறைகளில் ராப்பகலாக உட்கார்ந்திருக்கும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். போனில் பேசும்போது நான் உங்களை சார் என்பேன், நீங்களும் என்னை சார் என்பீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு லாரி உரசி ஃபைபர் அறுந்துபோனால் மட்டும் இரண்டு பேருமே அந்த சாரை மறந்துவிடுவோம். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

திருவாரூர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் கேபிள் டிவி நடத்திக்கொண்டிருந்தவன் நான். இப்போது பிராட்பேண்டும் கொடுக்கிறேன். மேலே ஒரு பெரிய நிறுவனத்திடமிருந்து லைன் வாங்கி, ஓஎல்டி என்ற ஃபைபர் பிரிப்புப் பெட்டி வைத்து, நானூறு வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பது என் வேலை. 2018 நவம்பரில் கஜா புயல் கம்பங்களையெல்லாம் சாய்த்துப் போட்டபோது, கிழிந்த கேபிளை வயலிலிருந்து சுருட்டி எடுத்துக்கொண்டு வந்து மறுபடி கட்டியவர்களில் நானும் ஒருவன். லைன் வராவிட்டால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும். இருபது வருஷமாக இந்தத் தொழில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான். அந்த நம்பிக்கை 2025 பிப்ரவரியில் உடைந்தது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் போன் செய்தார். எங்கள் தெருவில் எல்லோரும் அவரை வாத்தியார் என்றுதான் சொல்வோம். சிங்கப்பூரில் இருக்கும் மகன் வாங்கிக்கொடுத்த டேப்லெட்டில் காலைக் காப்பியோடு பத்திரிகை படிப்பவர். “தம்பி, விகடன் வரலை. மத்ததெல்லாம் வருது” என்றார்.

எல்லோருக்கும் சொல்வதைத்தான் அவருக்கும் சொன்னேன். ரவுட்டரை ஆஃப் செய்து ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள் சார். போட்டார். வரவில்லை. சரி என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். அவர் வீட்டில் ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டி பெட்டியில் பச்சை விளக்கு. பேட்ச் கார்டைக் கழற்றிப் பவர் மீட்டரில் வைத்தேன். மைனஸ் 19. அதைவிட நல்ல சிக்னலை எங்கள் ஊரில் யாருக்கும் கொடுத்ததில்லை. யூடியூப் ஓடுகிறது, பேங்க் திறக்கிறது, மகனோடு வீடியோ கால் வருகிறது. இது ஒன்று மட்டும் சுற்றிச் சுற்றிக் கடைசியில் ‘இந்தத் தளத்தை அணுக முடியவில்லை’ என்று வெள்ளைப் பக்கத்தைக் காட்டுகிறது. பிரவுசரின் கேஷைத் துடைத்தேன். வேறு பிரவுசரில் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பையனின் மொபைல் வேறு நெட்வொர்க். அதில் திறந்தது. அப்படியென்றால் தப்பு என் பக்கம்தான் என்று முடிவு செய்து, வியர்வையோடு கம்பம் ஏறி ஸ்ப்ளிட்டர் பெட்டியைக்கூடத் திறந்து பார்த்துவிட்டேன். எல்லாம் சரியாக இருந்தது.

வாத்தியாரிடம், “அவங்க சர்வர்ல ஏதோ ப்ராப்ளம் சார், சாயங்காலம் சரியாயிடும்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான் சொன்னது பொய். அப்போது எனக்கே தெரியாது.

என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிப்ரவரி 5-ஆம் தேதி அமெரிக்கா 104 இந்தியர்களை ராணுவ விமானத்தில் ஏற்றி அமிர்தசரஸில் கொண்டுவந்து இறக்கியது. கையிலும் காலிலும் விலங்கு போட்டிருந்தார்கள் என்ற செய்தி நாடு முழுக்க ஓடியது. அதையொட்டி, பிரதமர் விலங்கோடு அமெரிக்க அதிபர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போன்ற கார்ட்டூன் ஒன்று ‘விகடன் ப்ளஸ்’ இணைய இதழில் வந்தது. தமிழக பாஜக தலைவராக அப்போது இருந்தவர் மத்திய அமைச்சரிடம் புகார் கொடுத்தார். பிப்ரவரி 15 இரவு பல நெட்வொர்க்குகளில் விகடன் தளம் நின்றுபோனது. கார்ட்டூன் மட்டும் அல்ல, முழுத் தளமும். சமையல் குறிப்பு, ஜோதிடம், பங்குச்சந்தை, விவசாயம் எல்லாம் சேர்த்து. தளம் நின்ற பிறகுதான், விசாரணைக் கூட்டத்துக்கு வரச்சொல்லி அமைச்சகத்தின் கடிதம் அவர்கள் கைக்குப் போனது. மார்ச் 6-ஆம் தேதி சென்னை உயர்நீதிமன்றம், அந்தக் கார்ட்டூனைத் தற்காலிகமாக எடுத்துவிட்டுத் தகவல் சொன்னால் தளத்தைத் திறந்துவிட வேண்டும் என்று இடைக்கால உத்தரவு போட்டது. அதுவரை கிட்டத்தட்ட மூன்று வாரம் நூறு வயதைத் தொடப்போகிற ஒரு பத்திரிகை காணாமல் போயிருந்தது.

அந்தக் கார்ட்டூன் நல்லதா, அதிகப்பிரசங்கமா என்று இங்கே பஞ்சாயத்து வைக்கப் போவதில்லை. அதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். என் கேள்வி உங்களோடு. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் உங்களுக்கு ஒரு டிக்கெட், அதாவது புகார்ப் பதிவு, போட்டேன். ட்ரேஸ்ரூட், என்எஸ்லுக்கப் என்று லைன் சோதனை முடிவுகள், ஸ்கிரீன்ஷாட் எல்லாம் வைத்து ஒழுங்காகத்தான் போட்டேன். செவ்வாய்க்கிழமை அதை மூடினீர்கள். காரணம்: ‘கஸ்டமர் எண்ட் இஷ்யூ.’ அதாவது, கோளாறு வாடிக்கையாளர் பக்கம்.

அதற்குள் எல்லாப் பத்திரிகையிலும் செய்தி வந்தாயிற்று. வாத்தியார் பேப்பரை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, “சர்வர்ல ப்ராப்ளம்னு சொன்னியே தம்பி” என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

யார் மூடினார்கள் என்று நான் தேடவில்லை. எந்த நிறுவனம் என்றும் இங்கே எழுதவில்லை. இது ஒருவர் செய்த தப்பு இல்லை, நம் தொழிலில் ஊறிப்போன வழக்கம் என்பதால்தான் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

உங்கள் தரப்பு எனக்குத் தெரியாமல் இல்லை. இந்தத் தளத்தைத் தடு என்று டெல்லியிலிருந்து மெயில் வரும். உரிமத்தின் நிபந்தனை அது, செய்யாவிட்டால் உரிமமே போகும். தளங்களைத் தடுக்கச் சொல்ல அரசுக்கு அதிகாரம் தரும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு, அதன் கீழ் 2009-இல் வந்த விதிகள், அதிலும் 16-ஆம் விதி. வந்த புகாரையும் எடுத்த நடவடிக்கையையும் ரகசியமாக வைக்க வேண்டும் என்கிறது அது. நீங்கள் மாதச் சம்பளக்காரர்கள், தடைப் பட்டியலை வடிகட்டும் பெட்டியில் ஏற்றுவது உங்கள் வேலை. ஏற்றாதீர்கள் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. குழந்தைகளை வதைக்கும் படங்கள் இருக்கும் தளங்களைத் தடுக்கும்போது நானே கைதட்டுவேன். பேங்க் பெயரில் போலித் தளம் வைத்து எங்கள் ஊர்க்காரர்களின் ஓய்வூதியத்தைச் சுருட்டுகிறவனைத் தடுத்தால் உங்களுக்கு மாலையே போடுவேன்.

தடுப்பதைப் பற்றி அல்ல, தடுத்துவிட்டுப் பழுது மாதிரி காட்டுவதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நம் ஆட்களுக்குத் தெரிந்ததுதான், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருவர் ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால், முதலில் அந்தப் பெயருக்கு எந்த ஐபி முகவரி என்று டிஎன்எஸ் சர்வரிடம் கேள்வி போகும். தபால்காரரிடம் வீடு கேட்பது மாதிரி. அங்கேயே, ‘அப்படி ஒரு வீடே கிடையாது’ என்று சொல்லச் சொல்லலாம். இல்லை, வேறு வீட்டைக் கைகாட்டச் சொல்லலாம். இது ஒரு வழி. இரண்டாவது வழி, முகவரி கிடைத்து இணைப்பு தொடங்கும் நொடியில் செய்வது. இப்போது கிட்டத்தட்ட எல்லாத் தளமும் ஹெச்டிடிபிஎஸ், உள்ளே போவது எல்லாம் பூட்டிய உறை. ஆனால் உறையின் மேல் யாருக்கு என்ற பெயர் மட்டும் இன்னும் திறந்த எழுத்தில்தான் பெரும்பாலும் போகிறது. எஸ்என்ஐ என்பது அது. நடுவில் இருக்கும் பெட்டி அந்தப் பெயரைப் படித்து, பட்டியலில் இருந்தால் இரண்டு பக்கத்துக்கும் ‘இணைப்பை முறி’ என்று ஒரு பாக்கெட் அனுப்பும். அனுப்பியது அந்தத் தளம்தான் என்று பிரவுசர் நினைத்துக்கொள்ளும். சில பெட்டிகள் அதைக்கூடச் செய்யாமல் பாக்கெட்டை விழுங்கிவிட்டுச் சும்மா இருக்கும். வாத்தியார் வீட்டில் நான் பார்த்த சுற்றல் அதுதான்.

மூன்றாவது வழி ஐபி முகவரியையே அடைப்பது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

இந்த முதல் இரண்டிலும் ஒரு ஒற்றுமை இருக்கிறது. பெட்டி பார்ப்பது வீட்டுப் பெயரை மட்டும். எந்த அறை, எந்த அலமாரி, எந்தப் பக்கம் என்பது உறைக்குள் இருக்கிறது. ஒரு கார்ட்டூனை மட்டும் தடு என்று உங்களிடம் யார் சொன்னாலும் உங்களால் முடியாது. முழுத் தளத்தையும் மூடத்தான் முடியும். இது உத்தரவு போடுகிறவர்களுக்குப் புரிந்திருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம். உங்களுக்குப் புரியும் என்பதில் சந்தேகம் இல்லை.

2012-ஐ நினைத்துப் பாருங்கள். தமிழ், தெலுங்குப் படங்களின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்கச் சென்னை உயர்நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கினார்கள். கையில் உத்தரவு கிடைத்ததும் சில நிறுவனங்கள் விமியோ, டெய்லிமோஷன், பேஸ்ட்பின் என்று முழுத் தளங்களையே மூடிவிட்டன. பேஸ்ட்பின்னில் படம் எங்கே இருக்கிறது? அது வெறும் எழுத்தைப் போட்டுவைக்கும் இடம். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான். அந்த ஜூன் மாதம் நீதிமன்றமே தெளிவுபடுத்தியது: குறிப்பிட்ட பக்கங்களைத் தடுக்கத்தான் சொன்னோம், முழுத் தளத்தை அல்ல என்று. அன்றைக்குப் பெரும்பாலும் பூட்டில்லாத பழைய ஹெச்டிடிபி. பக்கம் பார்த்துத் தடுக்க முடிந்தது, சோம்பல்பட்டுத்தான் முழுசாக மூடினோம். இன்றைக்கு நினைத்தாலும் முடியாது. பூட்டு நல்லதாகிவிட்டது, தடுப்பவன் கையில் இருக்கும் கோடரி மட்டும் அதேதான்.

அதனால், ‘இந்தப் பக்கத்தைத் தடு’ என்று ஒரு முகவரியோடு உத்தரவு வந்தால், ‘அந்தப் பக்கத்தை மட்டும் தடுக்க எங்களால் தொழில்நுட்ப ரீதியாக முடியாது, முழுத் தளமும் போகும், அதைத்தான் செய்யச் சொல்கிறீர்களா, எழுத்தில் உறுதிப்படுத்துங்கள்’ என்று ஒரே ஒரு மெயில் திருப்பி அனுப்பலாமே? அது கீழ்ப்படியாமை ஆகாது. வீட்டுக்காரர் சுவரை இடிக்கச் சொன்னால், அது பாரம் தாங்கும் சுவர் என்று கொத்தனார் சொல்வதில்லையா? சொல்லிவிட்டுத்தானே கடப்பாரையை எடுப்பார்.

2017 ஆகஸ்டில் ஆர்க்கைவ் டாட் ஆர்க் நின்றதே, நினைவிருக்கிறதா? இந்திப் படங்களுக்காக வாங்கிய உத்தரவு அது, பட்டியலில் 2,600-க்கும் மேற்பட்ட தளங்கள். அதில் இதுவும் ஒன்று. உலகத்தின் பழைய வலைப்பக்கங்களையெல்லாம் சேர்த்துவைக்கிற இடம். தமிழில் அச்சில் இல்லாத எத்தனையோ பழைய புத்தகங்களின் ஸ்கேன் அங்கேதான் கிடக்கிறது. பட்டியலை ஏற்றும்போது யாராவது ஒருவர், ‘இது நூலகம் மாதிரியான தளம் ஆச்சே’ என்று கையைத் தூக்கியிருக்க வேண்டும். 2014 டிசம்பரில் 32 தளங்களைத் தடுத்தபோது அந்தப் பட்டியலில் கிட்ஹப் இருந்தது. புரோகிராம் எழுதுகிறவர்கள் கோடு பகிர்ந்துகொள்ளும் கிட்ஹப்! உங்களில் பாதிப் பேர் தினமும் ஸ்கிரிப்ட் எடுப்பது அங்கிருந்துதானே. 2022-இல் வீடியோ ஓட்டும் விஎல்சி பிளேயரின் தளம் மாதக்கணக்காகத் திறக்கவில்லை. எங்கள் கடையில் கல்யாண வீடியோ பெண்டிரைவ் வாங்குகிற ஒவ்வொருவருக்கும் நான் போட்டுக்கொடுக்கும் மென்பொருள் அது.

ஐபி முகவரியை அடைக்கும் வழிக்கு வருகிறேன். இதைப் பற்றிச் சொன்னால் உங்களுக்கே சிரிப்பு வரும், பிறகு வயிற்றைக் கலக்கும்.

2008 பிப்ரவரி 24. பாகிஸ்தானில் யூடியூபைத் தடுக்க உத்தரவு. அங்கே டெலிகாம் நிறுவனத்தில் நம்மைப் போல ஒரு பொறியாளர், யூடியூபின் முகவரிகளுக்கான பாதை தன்னிடம்தான் இருக்கிறது என்று உள்ளூர் ரவுட்டர்களுக்கு அறிவித்தார், வரும் பாக்கெட்டையெல்லாம் குழியில் தள்ள. யூடியூப் அறிவித்திருந்தது 22 அளவு முகவரி பிளாக், இவர் அறிவித்தது அதற்குள் 24; எண் பெரிதானால் பிளாக் சின்னது. குறுகலான பாதைக்குத்தான் முன்னுரிமை என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த அறிவிப்பு நாட்டுக்குள் நிற்காமல் ஹாங்காங் நிறுவனம் ஒன்றின் வழியே வெளியே கசிந்தது. அவர்களும் வடிகட்டாமல் உலகத்துக்கே சொல்லிவிட்டார்கள். சுமார் இரண்டு மணி நேரம் உலகம் முழுக்க யூடியூப் கேட்டவர்களின் பாக்கெட்டெல்லாம் பாகிஸ்தானை நோக்கி ஓடியது. ஒரு நாட்டுக்குள் தடுக்கப் போய் உலகத்துக்கே தடுத்த ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார். பாவம், அவருடைய அன்றைய ராத்திரியை நினைத்தால் எனக்கு இப்போதும் இரக்கம் வருகிறது.

2013-இல் ஆஸ்திரேலியாவில் முதலீட்டு மோசடித் தளம் ஒன்றைத் தடுக்க நிதி ஒழுங்குமுறை ஆணையம் ஐபி முகவரியைக் கொடுத்தது. அதே முகவரியில் இன்னும் 1,200 தளங்கள் குடியிருந்தன. அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு வீட்டைப் பூட்டுவதற்குக் கீழ்க்கதவைப் பூட்டிய மாதிரி. மெல்பர்ன் ஃப்ரீ யுனிவர்சிட்டி என்ற அமைப்பின் தளமும் அதில் மாட்டியது. இலவசமாகப் பொது வகுப்பு நடத்துகிறவர்கள், எதற்காக மூடினார்கள் என்று தெரியாமல் கதவுக்குக் கதவு தட்டினார்கள். ரஷ்யாவில் 2018-இல் டெலிகிராமைத் தடுக்க அமேசான், கூகுள் முகவரிகளைக் கோடிக்கணக்கில் அடைத்தார்கள். சம்பந்தமில்லாத கடைகளும் சேவைகளும் படுத்தன. டெலிகிராம் ஓடிக்கொண்டேதான் இருந்தது. 2020-இல் தடையை விலக்கிக்கொண்டார்கள்.

ஒரே முகவரியில் ஆயிரம் தளங்கள் இருக்கும் காலத்தில் ஐபியை அடைக்கிற வேலை எதற்கு? இதை மட்டுமாவது விட்டுவிடுங்கள்.

சரி, பொய்க்கு வருகிறேன்.

2008 டிசம்பரில் பிரிட்டனில் விக்கிப்பீடியாவின் ஒரு பக்கத்தைத் தடுத்தார்கள். ஒரு பழைய இசைத்தட்டின் அட்டைப்படம், அதில் ஒரு சிறுமியின் ஆடையில்லாத படம். சிறார் படங்களைக் கண்காணிக்கும் அமைப்பு அதைத் தன் பட்டியலில் சேர்த்தது. சேர்த்தது சரியா தப்பா என்பது தனி வழக்கு, நான்கு நாளில் அவர்களே எடுத்துவிட்டார்கள். எனக்கு உறைத்தது வேறு. சில நிறுவனங்களின் வாடிக்கையாளர்களுக்கு, தடுத்திருக்கிறோம் என்று சொல்லாமல், ‘404, பக்கம் கிடைக்கவில்லை’ என்று காட்டினார்கள். இல்லாத பக்கத்துக்கான எண் அது. இருக்கும் பக்கத்தை இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ஊர் ரேஷன் கடையில் பாமாயில் இருந்தும் இல்லை என்பார்களே, அது மாதிரி.

ஒருவர் வீட்டு வாசலில் போலீஸ் நின்று உள்ளே விடவில்லை என்றால், யார் நிறுத்தினார் என்று தெரியும். கோர்ட்டுக்குப் போகலாம், நாலு பேரிடம் சொல்லலாம், சண்டை போடலாம். தெருவே இல்லை என்று சொன்னால் யாரிடம் போவது? வாத்தியார் என்னிடம் வந்தார், நான் உங்களிடம் வந்தேன், நீங்கள் வாடிக்கையாளர் பக்கம் கோளாறு என்று சொல்லி அவரிடமே திருப்பி அனுப்பிவிட்டீர்கள். கிணற்றில் போட்ட கல்லுக்காவது ஒரு ‘தொபீர்’ சத்தம் உண்டு.

தணிக்கை என்பது இந்த நாட்டுக்குப் புதிதா? நெருக்கடி நிலைக் காலத்தில் தணிக்கை அதிகாரி வெட்டிய இடத்தைச் சில பத்திரிகைகள் வெள்ளையாகவே விட்டு அச்சடித்தன. படிக்கிறவருக்கு அந்த வெற்றிடமே சேதி. வடிகட்டும் பெட்டி அந்த வெற்றிடத்தைக்கூட விட்டுவைப்பதில்லை. அதை நெட்வொர்க் கோளாறு என்று பூசி மறைத்துவிடுகிறது. தணிக்கை நடந்ததே தெரியாத தணிக்கை. அந்தப் பூச்சு வேலையைச் செய்பவர்கள் நாம்.

ரகசிய விதி கையைக் கட்டுகிறது என்பீர்கள். யோசித்துப் பாருங்கள். புகார் கொடுத்தவர் யார், கமிட்டியில் என்ன பேசினார்கள் என்று உங்களிடம் யாரும் கேட்கவில்லை. தடுத்திருக்கிறது என்ற ஒரு வரி போதும். அந்த வரியை நீங்களே காட்டிக்கொண்டிருந்தீர்கள். ஹெச்டிடிபி காலத்தில் தடுத்த தளத்துக்குப் போனால், தொலைத்தொடர்புத் துறையின் உத்தரவுப்படி இந்த முகவரி தடுக்கப்பட்டுள்ளது என்று ஒரு பக்கம் வருமே. அசிங்கமான எழுத்து, மொட்டையான வாக்கியம், ஆனால் நேர்மையாக இருந்தது. அதைப் போட்டதற்காக வானம் இடிந்து விழவில்லை. 2016-இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி கௌதம் படேல் இன்னும் ஒரு படி மேலே போனார். திருட்டுப் படத் தளங்களைத் தடுத்த இடத்தில் என்ன செய்தி காட்ட வேண்டும் என்றே எழுதிக்கொடுத்தார். பாதிக்கப்பட்டவர் எந்த மின்னஞ்சலுக்கு எழுதினால் வழக்கு எண்ணும் நீதிமன்றமும் தெரியவரும் என்று அதில் இருக்க வேண்டும், இரண்டு வேலை நாளுக்குள் பதில் போக வேண்டும். நீதிமன்றமே கேட்ட ஒரு காரியம், ஹெச்டிடிபிஎஸ் வந்ததும் சத்தமில்லாமல் காணாமல் போனது.

ஹெச்டிடிபிஎஸ் இணைப்பில் நடுவில் ஒரு பக்கத்தைச் செருக முடியாது என்பது எனக்கும் தெரியும். சான்றிதழ் பொருந்தாது, பிரவுசர் கத்தும். செருகவும் கூடாது, அது இன்னொரு மோசடி. சட்டக் காரணத்துக்காகத் தடுத்ததைச் சொல்லவென்றே 2016-இல் 451 என்று ஒரு எண் வந்தது. யார் கேட்டது, எந்தச் சட்டம் என்று கூடவே சொல்ல வேண்டும் என்கிறது அந்தத் தரம். அதைத் தளத்துக்காரர் காட்டலாம், நடுவில் இருக்கும் நீங்கள் ஹெச்டிடிபிஎஸ்-இல் காட்ட முடியாது. ஆனால் டிஎன்எஸ் உங்கள் கையில்தானே இருக்கிறது? 2020-இல் வந்த ஆர்எஃப்சி 8914 என்ற இணையத் தர ஆவணத்தை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். பதில் தர முடியாததற்கான காரணத்தையும் சேர்த்து அனுப்ப எண்கள் கொடுத்திருக்கிறார்கள். 15 என்றால் சேவை நிறுவனம் தானே பாதுகாப்புக்காகத் தடுத்தது. 17 என்றால் வாடிக்கையாளரே கேட்டுத் தடுத்தது, வீட்டில் பிள்ளைகளுக்காகப் போடுவது மாதிரி. நடுவில் 16. வெளியிலிருந்து வேறொருவர் கட்டாயப்படுத்தித் தடுத்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயரே தணிக்கை. மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து வைத்த அந்த ஆட்களை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது. பிரவுசர்கள் இதைச் சாதாரண வாசகர் கண்ணில் பெரும்பாலும் காட்டுவதில்லை. பரவாயில்லை, என்னைப் போன்றவன் ஒரு கமாண்ட் போட்டுப் பார்த்துக்கொள்வேன். கம்பம் ஏறும் வேலையாவது மிச்சமாகும்.

அதுவும் முடியாதென்றால் இன்னும் சுலபமான ஒன்று இருக்கிறது. கஸ்டமர் கேரில் போன் எடுக்கும் பெண்ணின் திரையில் ஒரு வரி. ‘இந்தத் தளம் அரசு உத்தரவின்படி தடுக்கப்பட்டுள்ளது.’ இப்போது அந்தப் பெண்ணுக்கும் தெரியாது. அவரும் ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொல்கிறார். தமிழ்நாடு முழுக்க அந்த ஞாயிற்றுக்கிழமை எத்தனை ரவுட்டர்கள் அணைந்து எரிந்தனவோ.

இன்னொன்று. பட்டியலில் ஏற்றுவதற்கு ஆள் இருக்கிறார்கள், இறக்குவதற்கு யாராவது இருக்கிறார்களா? பெங்களூரிலிருந்து இயங்கும் இணையம் மற்றும் சமூகத்துக்கான மையத்தைச் சேர்ந்தவர்கள் ஆறு பெரிய நிறுவனங்களின் தடைப் பட்டியலைச் சோதித்து ஒரு கட்டுரை எழுதியிருந்தார்கள். எங்காவது ஒன்றில் தடுத்திருந்த தளங்கள் நாலாயிரத்துச் சொச்சம். ஆறிலும் ஒரே மாதிரி தடுத்திருந்தவை 1,115 மட்டும். ஒரே அரசு, ஒரே சட்டம், ஆறு விதமான பட்டியல். மிச்சமெல்லாம் என்ன? பழைய உத்தரவின் எச்சமா, யாரோ கைதவறித் தட்டியதா? கேட்டால் சொல்ல ஆள் இல்லை. பக்கத்து வீட்டுப் பையனின் மொபைலில் மட்டும் விகடன் திறந்த மர்மமும் இந்த ரகம்தான்.

2014-இல் 69ஏ பிரிவின் கீழ் தடுத்த முகவரிகள் 471. 2020-இல் 9,849. நாடாளுமன்றத்தில் அரசே கொடுத்த கணக்கு. மெயில் வருகிற வேகம் இப்படி ஏறும்போது, ஒவ்வொன்றையும் நிதானமாகப் படித்து ஏற்ற உங்களுக்கு எங்கே நேரம்? ஸ்கிரிப்ட் ஏற்றிவிடும். தப்பையும் சேர்த்து ஏற்றும்.

உச்ச நீதிமன்றம் 2015-இல், இணையத்தில் புண்படுத்தும்படி எழுதினால் தண்டிக்கும் 66ஏ பிரிவை ரத்து செய்தபோது 69ஏ-யை விட்டுவைத்ததற்குச் சொன்ன நியாயம் என்ன? காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், பதிவிட்டவரைக் கண்டுபிடிக்க முடிந்தால் அவரையும் கேட்க வேண்டும், அதனால் இதில் பாதுகாப்பு இருக்கிறது என்பதுதான். ஆனால் தடுத்ததே ஒருவருக்குத் தெரியாவிட்டால் அவர் எதை எதிர்த்து எங்கே போவார்? வரதட்சணையைக் கிண்டல் செய்து, மாப்பிள்ளைக்கு எவ்வளவு போகும் என்று கணக்குப் போட்டுக் காட்டும் நையாண்டித் தளம் ஒன்றை வைத்திருந்தார் ஒரு பத்திரிகையாளர். 2018-இல் அது நின்றது. அவருக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. உத்தரவின் நகலைக் கொடுங்கள், அவர் சொல்வதையும் கேளுங்கள் என்று டெல்லி உயர்நீதிமன்றம் சொல்வதற்குள் 2022 மே ஆகிவிட்டது. நக்கலைப் புகழ் என்று நினைத்துத் தடுத்தவர்களை நான் என்ன சொல்ல? ஆனால் அந்த நாலு வருஷமும் அந்தப் பெயரைப் பெட்டியில் வைத்திருந்தவர்கள் நாம்தான்.

இதில் யார் மாட்டுகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பக்கத்து வீட்டுப் பையன் அடுத்த வாரமே வாத்தியார் வீட்டுக்கு வந்து டேப்லெட்டில் தடையைத் தாண்டிப்போகும் என்னவோ ஒரு செயலியை ஏற்றி, “இப்ப பாருங்க தாத்தா” என்று விகடனைத் திறந்து காட்டிவிட்டான். மூன்று நிமிடம் ஆகவில்லை. இலவசச் செயலி, பெயர் தெரியாத கம்பெனி. வாத்தியார் பேங்க் வேலையும் அதே டேப்லெட்டில்தான் செய்கிறார். அவர் பார்ப்பதெல்லாம் இனி எந்த நாட்டு சர்வர் வழியாகப் போகுமோ என்று எனக்கு அடிவயிறு கலங்கியது. தடுத்தவர்கள் நாட்டு நலன் என்று சொல்லித் தடுத்தார்கள். எழுபத்தி மூன்று வயதுக்காரரை முன்பின் தெரியாதவன் கையில் பிடித்துக் கொடுத்ததுதான் மிச்சம். அன்றைக்கே அதை எடுத்துவிடச் சொன்னேன். “அப்ப நீ விகடன் வரவழைச்சுக் குடு” என்றார். என்னால் முடியாது என்றேன். மார்ச் மாதம் தளம் திறந்த பிறகுதான் எடுத்தார்.

அந்த டிக்கெட் இன்னும் என் மெயிலில் இருக்கிறது. மூடியதை நீங்கள் திறக்க வேண்டாம், இழப்பீடும் வேண்டாம், மாத வாடகையில் பத்து ரூபாய் குறைக்கவும் வேண்டாம். காரணம் என்ற கட்டத்தில் இருக்கும் ‘கஸ்டமர் எண்ட் இஷ்யூ’ என்பதை மட்டும் அழித்துவிட்டு, நடந்ததை எழுதி எனக்கு அனுப்புங்கள். பிரிண்ட் எடுத்து வாத்தியாரிடம் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் லைனைக் கடைசிக் கம்பம் வரை இழுத்துக்கொண்டு போகும் ஒருவன்